மேலே ஸ்நேகா, கீழே ஹேமா

பிலிமில் ஸ்நேகா நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்கேன் ஆகி கம்ப்யூட்டர் திரையில் வந்து நின்ற படத்தில் அவள் பார்வை பக்கவாட்டில் திரும்பியிருந்தது.

ஜெயகிருஷ்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, பனியன் நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தான். வெளியே நவம்பர் மழை மூன்றாவது நாளாக விடாமல் பெய்துகொண்டிருந்தது. பகல் மூன்று மணிக்கே பொழிச்சலூர் முழுவதும் விளக்கு வைக்கிற நேரம்போல இருண்டு கிடக்க, கொடியில் காயாத துணிகளின் முடை நாற்றமும் ஸ்கேனர் சூட்டில் பிலிம் கிளப்பிய புளித்த வாசனையும் சேர்ந்து கூடத்தை நிறைத்திருந்தன. தலைக்கு மேலே ஒரு விமானம் இறங்கிப் போனது. ஜன்னல் கண்ணாடியும் மேஜைமேல் இருந்த டம்ளரும் வழக்கம்போல நடுங்கி ஓய்ந்தன.

படத்தின் பின்னணியில், கோயில் தூணின் நிழலில், ஸ்நேகா நின்றாள். தலையில் ஜிகினாக் காகிதக் கிரீடம், கையில் அட்டைக் கோல். முன்னால் தாய்மாமன் மடியில் ஹேமா வாயைப் பிளந்து அழுதுகொண்டிருந்தாள். அக்கா தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்நேகா செத்து ஐந்து வருஷம் ஆகிறது. ஹேமாவுக்கு வயது நாலு. ஒருத்தியை ஒருத்தி பார்த்ததே கிடையாது.

இந்த வேலையை ஜெயகிருஷ்ணன் ஏன் இழுத்துப் போட்டுக்கொண்டான் என்று சொல்ல வேண்டும். போன மாதம் திருநீர்மலையில் ஹேமாவுக்குக் காது குத்தினார்கள். ஸ்நேகாவுக்கு அது தள்ளிக்கொண்டே போய் நடக்காமலே போயிருந்தது. அவன் மனைவி தனத்தின் பிறந்த வீடு படப்பைப் பக்கம். அங்கே வயதுக்கு வருமுன் செத்துப்போன பெண் குழந்தை அந்த வீட்டுக்குக் கன்னித் தெய்வம். எந்த நல்ல காரியமானாலும் முதலில் அவளுக்குப் புதுப் பாவாடை சட்டை, வளையல், பூ வைத்துக் கும்பிட வேண்டும். கும்பிட்ட பிறகு அந்தப் பாவாடையை வீட்டில் இருக்கிற பெண் பிள்ளைக்கு உடுத்திவிடுவார்கள். தனம் தாம்பரம் மார்க்கெட்டில் மஞ்சள் பாவாடை ஒன்று பார்த்துவைத்துவிட்டு வந்து கேட்டாள். ஜெயகிருஷ்ணன் ஒரே பிடியாக வேண்டாம் என்றான். பகுத்தறிவு அது இது என்று காரணம் சொன்னான். உண்மை அதுவல்ல. ஸ்நேகாவுக்கென்று வாங்கிய துணியில் இன்னொரு குழந்தை ஓடிவருவதைப் பார்க்கிற தைரியம் அவனுக்கு இல்லை.

"அதுக்குப் பதிலா அவள போட்டோவுல சேத்துடறேன் தனம். அக்காவும் தங்கச்சியும் சேந்து நிக்கற மாதிரி."

தனம் கையிலிருந்த பையை ஆணியில் மாட்டினாள். பிறகு, "பாவாடை வெச்சா வாங்கிகிட்டுப் போயிடுவா. போட்டோவுல நிக்க வெச்சா எங்க போவா?" என்று கேட்டாள். அவன் சிரித்து மழுப்பினான்.

வித்தையைக் கற்றுக்கொடுத்தவர் அவன் வரைபடம் போடுகிற ஆபீசில் அடுத்த ஸீட்டு தனசிங். கம்பெனியில் கழித்துப்போட்ட ஸ்கேனர் ஒன்றை ஜெயகிருஷ்ணன் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தான். மூடியிலும் விளக்கு வைத்த ரகம், பிலிமையே நேராக ஸ்கேன் செய்யலாம். இரண்டு பிலிமையும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கண்ணாடியில் வைத்து ஒரே தடவையாக எடுத்தால், இரண்டு படமும் ஒன்றாகிவிடும் என்று தனசிங் சொன்னார். ஸ்நேகாவின் படம் பள்ளி ஆண்டுவிழாவில், கறுப்புத் துணிக்கு முன்னால் எடுத்தது. கறுப்பு இருந்த இடமெல்லாம் பிலிமில் வெறுமையாகத்தான் கிடக்கும். குழந்தை மட்டும் அலுங்காமல் அடுத்த படத்துக்குள் போய்விடும்.

"ஆனா ஒண்ணு சார்," என்றார் தனசிங். "அடுத்த படத்துல எங்க இருட்டா கீதோ அங்கதான் ஆள் நிக்கும். வெளிச்சத்துல வெச்சீங்கன்னா கரைஞ்சு பூடும்."

அதனால்தான் தூண் நிழல். மேலே ஸ்நேகா, கீழே ஹேமா. நகராமலிருக்க ஓரத்தில் டேப் ஒட்டியிருந்தான். இரண்டு பிலிம் உரசுகிற இடத்தில் எண்ணெய் படிந்ததுபோல வட்டவட்டமாக வளையம் விழும் என்றும் தனசிங் எச்சரித்திருந்தார். விழுந்திருந்தது. சரியாக ஸ்நேகாவின் காலைச் சுற்றி, ஒன்றுக்குள் ஒன்றாக, குளத்தில் கல் போட்டதுபோல.

அதை அவனால் அதிக நேரம் பார்க்க முடியவில்லை. அந்த மே மாதம் லாரித் தண்ணீர் பிடிக்க, வாசல் தரைக்குள் இருந்த சம்ப்புத் தொட்டியின் இரும்பு மூடியைத் தூக்கியவன் அவன். குழாயை உருவிக்கொண்டு லாரி போனது. உள்ளே போன் அடித்தது. மூடியை மூடாமல் போனவனும் அவன்தான். யாரும் அவனைக் குற்றம் சொல்லவில்லை. தனம்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இந்த ஐந்து வருஷத்தில் நினைக்காத நாள் இல்லை. அந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, தரையில் தொட்டி இல்லாத மாடி வீடாகத் தேடி இங்கே வந்தார்கள்.

பிலிமைத் திருப்பி வைத்துவிட்டிருப்போம், அதனால் பார்வை மாறித் தெரிகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். திருப்பினால் இடது வலதாகும், நேரே பார்க்கிற கண் எப்படிப் பக்கவாட்டில் பார்க்கும் என்ற கேள்வியை மனது கேட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அதன் வாயை அடைத்தான். பயத்தைவிடச் சந்தோஷம்தான் அவனுக்கு அதிகமாக இருந்தது. எத்தனை நாள் கழித்து அந்த முகம்.

தனம் தாம்பரம் சானடோரியம் பக்கம் எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை முடித்து ஆறரைக்கு வந்தாள். மழைக்கு ஸ்கூல் லீவு. அவளுக்கு லீவு கிடையாது. அதனால் இந்த வாரம் முழுக்க அவன்தான் லீவு போட்டுவிட்டு ஹேமாவைப் பார்த்துக்கொண்டான். நனைந்த குடையைக்கூட மடக்காமல் தனம் திரைக்கு முன்னால் நின்றாள். விரலால் ஸ்நேகாவின் கன்னம் இருந்த இடத்தைத் தொட்டாள். அழுதாள். அழுது முடித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்.

"இன்னும் கொஞ்சம் முன்னால வந்தான்னா முகம் நல்லாத் தெரியும்."

மறுநாள் அடுத்த படத்தை வைத்தான். அதே ஸ்நேகா பிலிம்தான் மேலே. டேப்பை அதே இடத்தில் ஒட்டியதால் அவள் படத்தின் இடது ஓரத்தில், முன்பு நின்ற அதே இடத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லை. தாய்மாமனுக்குப் பின்னால், யாரோ பிடித்திருந்த குடை நிழலுக்குள் வந்திருந்தாள். ஜெயகிருஷ்ணன் இஞ்ச் ஸ்கேலை எடுத்துத் திரையில் வைத்து அளந்தான். வரைபடக்காரன் கை, தப்பாக அளக்காது. இரண்டே முக்கால் இஞ்ச் நகர்ந்திருந்தாள். கிரீடம் இல்லை. தலைமுடி நெற்றியில் ஒட்டிக் கிடந்தது.

அன்றைக்கு ஹேமா டி.வி. பார்க்கவில்லை. கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் இருக்கிற ஒரு முழ இடுக்கில் போய் உட்கார்ந்துகொண்டாள். இருட்டென்றால் அலறுகிற குழந்தை அது. பாத்ரூம் போகக்கூட விளக்கைப் போட்டுவிட்டு வாசலில் ஆள் நிற்க வேண்டும். ஜெயகிருஷ்ணன் அறை விளக்கைப் போட்டதும் கையால் கண்ணை மறைத்துக்கொண்டாள்.

"லைட்டு வேணாம்ப்பா. கண்ணு கூசுது."

யாருக்குக் கூசுகிறது என்று கேட்கலாமா என்று அவன் நினைத்தான். இடுக்கில் அவள் ஒரு ஓரமாகச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இன்னொரு குழந்தை உட்கார இடம் இருந்தது.

அன்றே எல்லாவற்றையும் நிறுத்தியிருக்க வேண்டும். தனத்திடம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவன் பெற்றவன். ஒரு தடவை, இன்னும் ஒரே ஒரு தடவை, கிட்டத்தில் பார்த்துவிட்டால் போதும் என்று இருந்தது. மறுநாள் மூன்றாவது படத்தை வைத்தான். ஹேமா தனியாக, பந்தல் கம்பத்தில் சாய்ந்து, புதுத் தோடு போட்ட காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும் படம். ஸ்கேனர் விளக்கு ஊர்ந்தது. மேலிருந்து கீழே மெதுவாகப் படம் திறந்தது. பந்தல். கம்பம். ஹேமாவின் தலை. ஹேமாவின் தோளில் ஒரு கை. நனைந்த, ஊறி வெளுத்த, சின்னக் கை. மீதிப் படம் திறப்பதற்குள் கரண்ட் போய்விட்டது.

இரவெல்லாம் கரண்ட் வரவில்லை. பிலிம்கள் ஸ்கேனர் மூடிக்குள்ளேயே கிடந்தன. மூடியைத் தூக்க அவனுக்குக் கை வரவில்லை என்பதுதான் நிஜம். ஹேமா நடுவில் படுத்திருந்தாள். அவள் மேல் போட்ட அவனுடைய கை விடிகாலையில் மரத்துப் போயிருந்தது, அவ்வளவு ஜில்லென்று இருந்தது அவள் உடம்பு. காய்ச்சல் இல்லை. காய்ச்சல் அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பான்.

நாலாவது நாள் கரண்ட் வந்து, தனம் வேலைக்குப் போனதும் மூடியைத் திறந்தான். இரண்டு பிலிமும் ஒட்டிக்கொண்டிருந்தன. மழை ஈரமும் விளக்குச் சூடும் சேர்ந்து பசைபோல ஒட்டவைத்துவிட்டன. ஜன்னலோரம் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். பிலிமில் எல்லாம் தலைகீழ் நிறம், முகம் கறுப்பு, முடி வெளுப்பு. அப்படி இரண்டு உருவம் அருகருகே தெரிந்தது. ஸ்நேகா பிலிமின் ஓரம் மட்டும் ஒட்டாமல் தனியாக நீட்டிக்கொண்டிருந்தது. அவள் எப்போதும் நிற்கிற இடம் அது. வெறுமையாக இருந்தது. கறுப்புத் துணி மட்டும்.

அவள் அந்தப் பிலிமில் இல்லை.

உள் அறைக்கு ஓடினான். இடுக்கில் ஹேமா தூங்கிக்கொண்டிருந்தாள். தூக்கினான். கனமே இல்லை. வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தபோது அவள் கன்னத்தினூடே அவன் சட்டையின் கோடுகள் தெரிந்தன. மங்கலாக. ஆனால் தெரிந்தன. மூடிய இமைக்குப் பின்னால் இன்னொரு ஜோடிக் கண் திறந்து அவனைப் பார்த்தது.

குழந்தையைக் கட்டிலில் கிடத்திவிட்டு தனசிங்குக்குப் போன் போட்டான். இரண்டு தடவை நம்பர் தப்பியது. ஒட்டிக்கொண்ட பிலிமை எப்படிப் பிரிப்பது என்று மட்டும் கேட்டான். குரலை வைத்தே தனசிங் எதையோ புரிந்துகொண்டு நிதானமாகச் சொன்னார். இழுத்துப் பிரிக்கக் கூடாது. தண்ணீரில் ஊறப்போட வேண்டும். நாலு மணி நேரமோ ஐந்து மணி நேரமோ, தானாகப் பிரிகிற வரை தொடக் கூடாது.

"பச்சைத் தண்ணி சார். சுடுதண்ணி மட்டும் ஊத்திடாதீங்க. படமே அந்த மேல் தோல்லதான் கீது. உரிஞ்சு வந்துடும். அவசரத்துல அண்டாவுக்குள்ளகூட கை போவாது, பாத்துக்கங்க."

பாத்ரூமில் நீலப் பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் பிடித்துப் பிலிமை உள்ளே விட்டான். விட்ட அந்த நிமிஷம், தண்ணீரில் விடுகிறோமே என்று தோன்றியது. வேறு வழி தெரியவில்லை. பிரித்தாக வேண்டும். சின்னவளையாவது காப்பாற்ற வேண்டும்.

ஒரு மணி நேரம். இரண்டு. மூன்று. பிலிம் பிரியவில்லை. ஹேமாவைப் பார்க்கப் போகிறபோதெல்லாம் அவள் இன்னும் கொஞ்சம் மெலிதாக இருந்தாள். தலையணையில் பள்ளம்கூட விழவில்லை. ஐந்து மணிக்கு அவள் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. காதை வாயருகே கொண்டுபோனான். மூச்சுக்குப் பதிலாகத் தண்ணீர் குமிழியிடும் சத்தம்.

அவன் அடுப்பைப் பற்றவைத்தான்.

கொதிக்க வைக்கவில்லை. வெதுவெதுப்பாகத்தான் வைத்தான். அவ்வளவு சூடு ஒன்றும் செய்யாது என்று நினைத்தான். டப்பில் ஊற்றினான். உள்ளே இரண்டு பிலிமும் சிலிர்த்ததுபோல அசைந்தன. ஓரம் விட்டது. நடுவில் விட்டது. பிரிந்தன. ஜெயகிருஷ்ணன் சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதான்.

அப்போது கரண்ட் மறுபடி போனது. கூடத்தில் கதவு தட்டுகிற சத்தம். தனம் வந்துவிட்டாள். அவன் எழுந்திருக்குமுன் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

மேல் தாழ்ப்பாள். ஹேமாவுக்கு அது எட்டாது.

மெழுகுவத்தியை ஏற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்தான். தனம் வாசலிலேயே மண்டிபோட்டு உட்கார்ந்து, முந்தானையால் குழந்தையின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை ஹேமாவின் கவுனைப் போட்டிருந்தது. கவுன் முழங்காலுக்கு மேலே ஏறியிருந்தது. முடியிலிருந்து சொட்டிய தண்ணீர் வாசல்படி தாண்டி ஓடியது.

"என்னடி இது, மழையில ஆடினியா? அப்பா எங்க போனாரு உன்னப் பாக்காம?"

துவட்டிய கை காதருகே வந்தது. நின்றது. கட்டைவிரல் காது மடலைத் தடவிப் பார்த்தது. இந்தப் பக்கம். அந்தப் பக்கம். தோடு இல்லை. துளையும் இல்லை. குத்தாத காது, வழுவழுவென்று இருந்தது.

தனம் கத்தவில்லை. அவள் முகத்தில் வந்தது பயமா, வேறொன்றா என்று ஜெயகிருஷ்ணனுக்குத் தெரியவில்லை. ஐந்து வருஷமாக எந்த முகத்தைத் தொட வேண்டும் என்று அவள் கை தவித்ததோ அந்த முகத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டாள்.

"வந்துட்டியாடி," என்றாள் மெதுவாக.

குழந்தை மெழுகுவத்தியைப் பார்த்து முகத்தைச் சுளித்தது. தனம் அவன் கையிலிருந்ததை எட்டி வாங்கி ஊதி அணைத்தாள். இருட்டில் ஈரக் கவுன் அவள் புடவையில் ஒட்டுகிற சத்தம் கேட்டது. சம்ப்புத் தண்ணீரின் பாசி வாடை கூடமெங்கும் எழுந்தது. அந்த வாடையிலும் அவனுக்கு ஓடிப்போய் அந்தக் குழந்தையை அள்ளிக்கொள்ளத்தான் தோன்றியது. அதுதான் கொடுமை. அவளும் அவன் பெண்தான்.

பிறகு இருட்டுக்குள்ளிருந்து தனம் கேட்டாள்.

"சின்னவ எங்கங்க?"

அவன் உள் அறைக்குப் போனான். கட்டில் மேல் கையால் தடவினான். போர்வை. தலையணை. சின்னதாக ஒரு தோடு.

பாத்ரூமுக்கு ஓடினான். மழை விட்டிருந்தது. வென்டிலேட்டர் வழியாக, இறங்குகிற விமானத்தின் விளக்கு உள்ளே விழுந்து சுவரில் நகர்ந்தது. அந்த வெளிச்சத்தில் டப் தெரிந்தது. ஒரு பிலிம் அடியில் சுத்தமாகக் கிடந்தது. இன்னொன்று வெறும் கண்ணாடித் தாளாகி மிதந்தது. அதன் மேல் தோல் தனியாகக் கழன்று, பாலாடைபோல் சுருங்கி, தண்ணீருக்கு நடுவே தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ஹேமா இருந்தாள். கறுத்த முகம், வெளுத்த முடி, ஒரு காதில் மட்டும் தோடு.

அவன் விரலை விட்டு ஓரத்தைத் தொட்டான். தொட்ட இடம் கரைந்து புகைபோல் போனது. பாவாடை நுனி போனது. ஒரு கால் போனது.

கையை வெளியே எடுக்கவும் பயமாக இருந்தது. தண்ணீர் அசைந்தால் இன்னும் கிழியும். இரண்டு உள்ளங்கையையும் விரித்து, மெல்ல, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவளுக்கு அடியில் கொண்டுபோனான். அவள் வந்து படிந்தாள். எடையே இல்லை. தூக்கினால் போய்விடுவாள். விட்டாலும் போய்விடுவாள். மண்டிபோட்ட முழங்காலில் ஈரம் ஏறியது.

அடுத்த விமானம் வந்தது. தண்ணீர் முழுக்க வட்டவட்டமாக நடுங்கியது. வெளிச்சம் நகர்ந்து டப்பின் மேல் வந்தபோது, அவன் உள்ளங்கைக்குள் அந்தச் சின்ன வாய் திறந்து, ஒரு குமிழி மேலே வந்து உடைந்தது.

"ஏங்க, சின்னவ எங்க?" என்று கூடத்திலிருந்து தனம் மறுபடியும் கேட்டாள். பெரியவளுக்குத் தலை வாரிக்கொண்டிருக்கிற சீப்பின் சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது.